எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை: அவுட்போர்டு புரொப்பல்லர் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முறை

அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய ஃபைபர் படகில் வேகம் குறைந்தால் முதலில் கார்புரேட்டரைத் திறப்பதும் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதும் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. கோளாறு பல நேரம் தண்ணீருக்கு அடியில், புரொப்பல்லரில் இருக்கும். இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் மேலே கை வைப்பதா கீழே கை வைப்பதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். த்ராட்டிலைத் திருகும்போது எஞ்சின் சுற்று ஏறுகிறதா? அதற்கேற்ப படகு வேகம் ஏறுகிறதா?

சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதன் சக்தி தண்ணீரைப் போய்ச் சேரவில்லை. சுற்றே ஏறாமல் எஞ்சின் முக்கினால் பாரம் அதிகம், அல்லது எஞ்சினிலேயே கோளாறு. சுற்றும் வேகமும் சரியாக இருந்து கைப்பிடி மட்டும் நடுங்கினால் இறக்கையையும் ஷாஃப்ட்டையும் பார்க்க வேண்டும். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, யாழ்ப்பாணக் களப்பு போன்ற ஆழம் குறைந்த இடங்களில் ஓடும், 40 ஹெச்பி வரையுள்ள எஞ்சின்களை மனதில் வைத்தே இங்கே சொல்கிறோம். பாறையும் மணலும் வலையும் அங்கேதான் புரொப்பல்லரை அதிகம் தின்கின்றன.

கை வைப்பதற்கு முன்

எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். மூன்றும் கட்டாயம். கியரில் இருக்கும் எஞ்சினின் புரொப்பல்லரைக் கையால் சுற்றினால் பிஸ்டனும் சேர்ந்து நகரும். சூடான எஞ்சின் அதிலேயே ஒரு அடி பிடித்து விரலை எடுத்துவிடும்.

கழற்றும்போது ஒரு மரக்கட்டையை இறக்கைக்கும் அதற்கு மேலிருக்கும் தட்டுக்கும் நடுவில் கொடுத்தால் புரொப்பல்லர் சுற்றாது. நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னின் கால்களைக் குறடால் நேராக்கி உருவி, நட்டை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றுங்கள். வாஷர், ஸ்பேசர், புரொப்பல்லர், கடைசியாக த்ரஸ்ட் வாஷர் என்று வரும் வரிசையை அப்படியே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். த்ரஸ்ட் வாஷர் பல நேரம் புரொப்பல்லரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, பார்க்காமல் மண்ணில் விழுந்துவிடும். அது இல்லாமல் திருப்பி மாட்டினால் புரொப்பல்லரின் நடுக்குழாய் கியர் கேஸில் (புரொப்பல்லரைத் தாங்கும் கீழ்ப்பெட்டி) உரசி இரண்டையும் தேய்த்துவிடும்.

ஷாஃப்ட்டில் உப்புப் பிடித்து இறுகிப்போன புரொப்பல்லரைத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு மரக்கட்டை வைத்து, நடுக்குழாயில் மட்டும், சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இறக்கையில் சுத்தியல் போடாதீர்கள். கேஸ் விளக்கு வைத்துச் சூடாக்கவும் கூடாது: உள்ளே ரப்பர் இருக்கிறது, அது எரிந்து வரும் புகை நஞ்சு, புரொப்பல்லரும் வீண்.

சுற்று ஏறுகிறது, படகு போகவில்லை

சிறிய எஞ்சின்களில், 2 முதல் 6 ஹெச்பி வரையுள்ள பலவற்றில், ஷாஃப்ட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன ஷியர் பின் இருக்கும். கல்லில் அடித்தால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். உடைந்துவிட்டதா என்று பார்க்க, எஞ்சினை நிறுத்தி, பிளக் தொப்பிகளைக் கழற்றிவிட்டு, இந்தச் சோதனைக்கு மட்டும் கியரை முன்னோக்கிப் போட்டுப் புரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள். நடுவில் தெரியும் ஷாஃப்ட் முனை அசையாமல் புரொப்பல்லர் மட்டும் சுற்றினால் பின் போய்விட்டது. ஷாஃப்ட்டும் சேர்ந்து தாராளமாகச் சுற்றி, எஞ்சின் மட்டும் அசையாமல் இருந்தால் கோளாறு கியர் கேஸுக்குள், அதைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உடைந்த பின்னுக்குப் பதில் ஆணியையோ ட்ரில் பிட்டையோ வெட்டிப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த கல்லில் பின் உடையாது, கியர் பல் உடையும்.

பெரிய எஞ்சின்களில் அந்த வேலையைப் புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் செய்கிறது. உள்ளே பள்ளம் வெட்டிய உலோகக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இறக்கைகள். பலமாக அடிபட்டால் ரப்பர் வழுக்கிக்கொடுக்கும். ஒருமுறை வழுக்கிய ரப்பர் பிடிப்பை இழந்து, பிறகு சாதாரண ஓட்டத்திலேயே வழுக்கத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது படகு நன்றாகப் போகும். திடீரென்று த்ராட்டிலைத் திருகினால் எஞ்சின் கீச்சென்று ஏறும், படகு அப்படியே நிற்கும்.

ஆனால் காற்று இழுப்பும் (புரொப்பல்லர் தண்ணீரோடு காற்றையும் அள்ளுவது) ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் பிரித்தறியப் புதுப் புரொப்பல்லர் வாங்கிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு கோடு போதும். புரொப்பல்லரின் பின்முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து உலரவிடுங்கள். ஷாஃப்ட் முனையில் ஆரம்பித்து, நட்டின் மேல் ஏறி, வாஷரைத் தாண்டி, புரொப்பல்லரின் வெளிக்குழாய் விளிம்பு வரை ஒரே நேர்கோடாக வெள்ளை பெயிண்ட் இழுங்கள். நெயில் பாலிஷும் நன்றாகப் பிடிக்கும். நட்டும் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று நகராது. ரப்பர் வழுக்கினால் வெளிக்குழாய் மட்டும்தான் நகரும். கோடு காய்ந்ததும் வழக்கமான பாரத்தோடு கடலுக்குப் போய், எந்த இடத்தில் கோளாறு வருமோ அதே மாதிரி த்ராட்டிலைத் திருகி வையுங்கள். கரைக்கு வந்து பாருங்கள். கோடு உடைந்து வெளிப்பகுதி ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தாலும் புஷ் போய்விட்டது என்று முடிவு செய்யலாம்.

புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் மாற்றலாம். சில வகைப் புரொப்பல்லர்களில் பிளாஸ்டிக் புஷ்ஷைக் கையாலேயே உருவிப் புதிது செருகிவிடலாம். ரப்பருக்குள் பசை ஊற்றுவதும் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்குவதும் ஒருநாள் வேலைக்கு ஆகும். அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பாதுகாப்பு போய் அடி நேராகக் கியருக்கு இறங்கும்.

கோடு நகரவில்லை, ஆனால் பாரம் ஏறும்போது இரும்போடு இரும்பு மோதுவதுபோல் கடகடவென்று சத்தம் வருகிறது என்றால், கியர் முழுதாக விழாமல் துள்ளுகிறது. கியர் கம்பியின் நீளம் சரியில்லாமல் இருக்கலாம், உள்ளே கிளட்ச் பற்கள் மழுங்கியிருக்கலாம். கியரை மெல்ல மெல்லத் தள்ளிப் போடுகிறவர்களின் எஞ்சினில்தான் பற்கள் சீக்கிரம் மழுங்கும். எஞ்சினை மெதுசுற்றில் வைத்து, டக்கென்று ஒரே அடியில் போடுவதுதான் அதற்கு நல்லது. சத்தம் கேட்டபின் ஓட்டாதீர்கள்.

காற்று இழுப்பு

கோடும் நகரவில்லை, சத்தமும் இல்லை என்றால் புரொப்பல்லர் தண்ணீரோடு காற்றையும் அள்ளுகிறது. வளைவில் திரும்பும்போதும், அலை பின்னாலிருந்து தூக்கும்போதும், ஆட்கள் எல்லாரும் அணியத்தில் (படகின் முன்பக்கம்) போய் நிற்கும்போதும் இது வரும். புஷ் வழுக்கல் அமைதியான தண்ணீரில் நேராகப் போகும்போதும் வரும்.

முதலில் எஞ்சின் மாட்டிய உயரத்தைப் பாருங்கள். புரொப்பல்லருக்கு மேலே படுத்திருக்கும் அகலமான தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்குக் கீழே 25 மி.மீ. வரைக்குமோ இருக்க வேண்டும். படகைக் கரையில் ஏற்றி, எஞ்சினை நேராக நிறுத்தி, ஒரு நீளமான சட்டத்தை அடிப்பலகையோடு ஒட்டிப் பிடித்துப் பின்னால் நீட்டினால் தட்டு மேலேயா கீழேயா என்று தெரியும். தட்டு மேலே இருந்தால் பின்பலகை உயரத்துக்குப் பொருந்தாத எஞ்சின் மாட்டியிருக்கிறது. ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சின் சுமார் 38 செ.மீ. பின்பலகைக்கு, லாங் ஷாஃப்ட் சுமார் 51 செ.மீ.க்கு. விலை குறைவாகக் கிடைத்தது என்று உயரமான பின்பலகையில் ஷார்ட் ஷாஃப்ட்டை மாட்டிவிட்டு, புரொப்பல்லரை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. பின்பலகையில் பள்ளம் வெட்டி இறக்குவது அல்லது லாங் ஷாஃப்ட் வாங்குவது, இரண்டில் ஒன்று. பள்ளம் வெட்டினால் பின்னலை உள்ளே ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உயரம் சரி என்றால் சாய்வு. எஞ்சின் கவ்வியில் நாலைந்து துளைகளும் அவற்றில் ஒரு கம்பியும் இருக்கும். அணியம் தூக்கிக்கொண்டு ஓடினால் கம்பியைப் பின்பலகைப் பக்கம் ஒரு துளை நகர்த்துங்கள். அணியம் தண்ணீரைக் குத்தினால் ஒரு துளை வெளியே. பிறகு, புரொப்பல்லருக்கு நேர் முன்னால் படகடியில் எதுவும் தொங்குகிறதா என்று பாருங்கள். மீன் தேடும் கருவியின் சென்சார், உடைந்து தொங்கும் ஃபைபர், அடிமரத்தில் ஒட்டி அடர்ந்த கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்), எதுவானாலும் அது கிளப்பும் குமிழி நேராக இறக்கைக்குப் போகும்.

9.9 ஹெச்பிக்கு மேற்பட்ட எஞ்சின்கள் பலவற்றில் புகை புரொப்பல்லரின் நடுக்குழாய் வழியே வெளியேறும். குழாயின் கடைசி விளிம்பு கொஞ்சம் விரிந்திருப்பது புகையை இறக்கைக்குத் திரும்பவிடாமல் பின்னுக்குத் தள்ளத்தான். மணலில் இழுத்து அந்த விளிம்பு தேய்ந்தோ உடைந்தோ போனால் புகை இறக்கையில் கலந்து பிடிப்பு போகும். ரிவர்ஸில் இழுவை குறைவது மட்டும் கோளாறு அல்ல. அப்போது புகை எப்படியும் இறக்கை வழியாகத்தான் போகிறது.

இதோடு கலக்கக்கூடாத இன்னொன்று உண்டு. இறக்கையின் முன்விளிம்பில் வெட்டோ மடிப்போ இருந்தால் அதன் பின்னால் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் சூடேறாமலேயே ஆவியாகிக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் உடையும் வேகத்தில் உலோகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். காற்று இழுப்பில் இந்தக் குழி விழாது. எனவே குழி தெரிந்தால் எஞ்சின் உயரத்தோடு மல்லுக்கட்டாமல் இறக்கை விளிம்பைப் பாருங்கள்.

சுற்று ஏறவில்லை

படகடியில் பாசியும் கொட்டலசும் படிந்திருக்கிறதா, ஃபைபருக்குள் தண்ணீர் ஊறிக் கனத்திருக்கிறதா, புரொப்பல்லரில் வலைத்துண்டு சுற்றியிருக்கிறதா என்பதை முதலில் முடியுங்கள். அதன்பிறகும் முக்கினால் பிட்ச் அதிகம்.

புரொப்பல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது வழுக்கலே இல்லாமல் ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேறும் தூரம். எண்களுக்குப் பிறகு யமஹாவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது எந்த எஞ்சின் வரிசைக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும். எண்கள் ஒத்துப்போய் எழுத்து மாறினால் மாட்ட முடியாது.

முழு த்ராட்டிலில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். யமஹா 40 ஹெச்பி என்டியூரோ டூ-ஸ்ட்ரோக்கில் 4500 முதல் 5500 ஆர்பிஎம். சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் பலவற்றில் 5000 முதல் 6000. மீட்டர் இல்லாதவர்கள் பிளக் வயரில் சுற்றி ஒட்டும் சின்ன டாக்கோமீட்டரை வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகமில்லை. புரொப்பல்லரைத் தப்பாக வாங்குவதைவிடக் குறைவுதான்.

சோதனையை வெறும் படகில் செய்யாதீர்கள். வலை, ஐஸ், ஆள், எரிபொருள் எல்லாம் ஏற்றி, அமைதியான கடலில் முழு த்ராட்டில் கொடுத்துச் சுற்றைக் குறியுங்கள். பிட்ச் 1 அங்குலம் மாறினால் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். 5000 வர வேண்டிய எஞ்சின் 4600-இல் நின்றால் 2 அங்குலம் குறைந்த பிட்ச் போடுங்கள். எல்லைக்கு மேல் ஓடினால் அதேபோல் கூட்டுங்கள். வேகம் வேண்டும் என்று பெரிய பிட்ச் கேட்கிறவர்கள் அதிகம். பாரம் ஏற்றிய படகில் அது எஞ்சினை முக்கவைத்துச் சூடேற்றும், கரி படியவைக்கும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

வழுக்கல் எவ்வளவு என்று கணக்கிட்டும் பார்க்கலாம். எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215-ஆல் வகுத்தால் வழுக்கல் இல்லாத வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். யமஹா 15 ஹெச்பியில் கியர் விகிதம் 2.08. பிட்ச் 9.75, சுற்று 5000 என்றால் கணக்கில் 19.3 நாட். ஜிபிஎஸ் 14 காட்டினால் வழுக்கல் 27 சதவீதம். பாரம் ஏற்றும் படகுக்கு 20 முதல் 30 சாதாரணம். போன மாதம் 25 ஆக இருந்தது இப்போது 45 என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. ஒரு நல்ல நாளின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தான் இது பயன்படும்.

நடுக்கம்

எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஒரு பென்சிலை கியர் கேஸில் ஊன்றி, முனை ஓர் இறக்கை நுனியைத் தொடுகிற மாதிரி பிடியுங்கள். புரொப்பல்லரை மெல்லச் சுற்றி அடுத்த இறக்கை, அதற்கடுத்தது என்று பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி தொட்டுப் போக வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அது மடங்கியிருக்கிறது. ஆனால் ஷாஃப்ட் வளைந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாஃப்ட் முனையில் பென்சிலை வைத்துச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியுமளவு ஆடினால் ஷாஃப்ட்தான். வளைந்த ஷாஃப்ட்டோடு ஓட்டினால் ஆயில் சீல் போகும், பிறகு கியரும் போகும்.

விளிம்பில் 3 மி.மீ.க்கு உட்பட்ட சின்ன வெட்டுகளை நீங்களே அரத்தால் சரிசெய்யலாம். வெட்டின் இரு கரையையும் சரிவாக இழைத்துக் குழியைக் கரையோடு கலக்கவிடுங்கள், குழியின் அடி வரை மொத்த விளிம்பையும் தேய்க்காதீர்கள். கடைசியில் எமரித் தாள். ஓர் இறக்கையில் நிறைய எடுக்க வேண்டி வந்தால் எடை சமன் கெடும். அப்போது அது பட்டறை வேலை. மடங்கிய அலுமினிய இறக்கையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது எல்லாக் கரையிலும் நடக்கிறது. லேசான மடிப்புக்குத் தாங்கும். ஒரே இடத்தை இரண்டாம் முறை நிமிர்த்தினால் மயிரிழை விரிசல் விழும். இறக்கை நடுக்குழாயோடு சேரும் அடிப்பகுதியில் விரிசல் தெரிந்தால் பழைய அலுமினிய விலைக்குப் போட்டுவிடுங்கள்.

ஸ்டீல் புரொப்பல்லர் நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு: பாறையும் மணல் திட்டும் உள்ள இடத்தில் அலுமினியமே மேல். அடிபட்டால் இறக்கை மடங்கும், கியர் பிழைக்கும்.

தங்கூசி

வெளியே தெரியும் சேதத்தைவிட அதிகச் செலவு வைப்பது தங்கூசி (நைலான் ஒற்றை நரம்பு) வலையின் ஓர் இழை. தூண்டில் நரம்பும் அப்படித்தான். சுற்றும் ஷாஃப்ட் அதை உள்ளிழுத்து, த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால் சீலோடு ஒட்டிச் சுருட்டிவிடும். உராய்வுச் சூட்டில் நரம்பு உருகிக் கடினமான வளையமாக இறுகி, சீலின் ரப்பர் உதட்டை அறுக்கும். ஓடும்போது சூடாக இருக்கும் கியர் கேஸ், நிறுத்தியதும் குளிர்ந்து உள்ளே உறிஞ்சும். உப்புத் தண்ணீர் அப்படித்தான் நுழைகிறது. அதன்பின் பேரிங் துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.

ஆகவே வலை சிக்கிய ஒவ்வொரு முறையும், மேலே வெட்டி எடுத்தது போதும் என்று விடாமல், கரை சேர்ந்ததும் புரொப்பல்லரைக் கழற்றுங்கள். சீல் பக்கம் நரம்பு தெரிந்தால் வளைந்த முனையுள்ள கம்பியால் மெல்ல இழுத்து எடுங்கள். கத்தி முனையை சீல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு கியர் ஆயிலைப் பாருங்கள். எஞ்சினை ஓர் இரவு நேராக நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் கீழ் ஸ்க்ரூவை மட்டும் அரைத் திருகு தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். உள்ளே இருந்தால் முதல் சொட்டே தண்ணீராக வரும். பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் நுழைந்து கலந்துபோய்விட்டது. ஸ்க்ரூவில் காந்தம் இருந்தால் அதில் கறுப்புப் பசை ஒட்டியிருப்பது சகஜம். உலோகச் சில்லு ஒட்டியிருந்தால் சகஜமில்லை.

புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். மேல் ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு, கீழ்த்துளையில் குழாயைப் பொருத்தி அழுத்துங்கள். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்போது மேல் ஸ்க்ரூவை முதலில் மூடி, அதன்பின் குழாயை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள். இரண்டுக்கும் புது கேஸ்கட். மேனுவல் சொல்லும் ஹைபாய்டு கியர் ஆயில்தான், எஞ்சின் ஆயில் அல்ல. 15 ஹெச்பி அளவுக்குச் சுமார் கால் லிட்டர் பிடிக்கும். பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். திரும்பவும் வெளுத்தால் சீல் மாற்றியே ஆக வேண்டும்.

திருப்பி மாட்டும்போது

ஷாஃப்ட்டின் பள்ளங்களைத் துடைத்து, தண்ணீருக்குக் கரையாத மரைன் கிரீஸை நன்றாகத் தடவுங்கள். இது இல்லாததால்தான் அடுத்த வருடம் புரொப்பல்லர் கழலாமல் அழவைக்கிறது. த்ரஸ்ட் வாஷர், புரொப்பல்லர், ஸ்பேசர், வாஷர், நட். மேனுவல் சொன்ன அளவுக்கு முடுக்கியபின் நட்டின் வெட்டும் ஷாஃப்ட் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் முடுக்கி நேராக்குங்கள், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் புதிதாக, துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்கட்டும். பழைய பின்னை மறுபடி மடக்கினால் கால் ஒடிந்து, நட்டும் புரொப்பல்லரும் கடலுக்குப் போகும். அந்தச் சமயத்தில் தட்டுக்கு அடியில் இருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது, அரிப்பு அலுமினியத்துக்கு வரும்.

கடலில் நடந்தால்

வலை சுற்றியதும் எஞ்சினை நிறுத்தி, கில் கயிற்றை உருவிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். காற்று பாறைப் பக்கமோ அடுத்தவர் வலைப் பக்கமோ தள்ளினால் முதலில் நங்கூரம். எஞ்சினைத் தூக்கிப் பூட்டி, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் உட்கார்ந்தபடி வெட்டட்டும். கயிறு என்றால் சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் சுற்றிக் கழற்றப் பார்க்கலாம். தங்கூசியை ஷாஃப்ட் நீளவாக்கில் அறுத்துத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்க நினைத்தால் இன்னும் இறுகும்.

நட்டைக் கழற்ற வேண்டி வந்தால் புரொப்பல்லருக்குக் கீழே ஒரு வாளியையோ மீன் கூடையில் விரித்த துணியையோ கட்டித் தொங்கவிடுங்கள். படகில் எப்போதும் இரண்டு காட்டர் பின், இரண்டு ஷியர் பின், ஒரு நட், ஒரு த்ரஸ்ட் வாஷர், பொருந்தும் ஸ்பேனர், குறடு, மரக்கட்டை இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிரீஸ் தடவி மூடி வைத்தால் உப்பு தின்னாது.

ரப்பர் புஷ் வழுக்கியது என்றால் திகைக்க வேண்டாம். த்ராட்டிலைக் குறைத்து, ரப்பர் பிடிக்கும் சுற்று எது என்று தேடுங்கள். பெரும்பாலும் 1500 முதல் 2000-க்குள் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுற்றுக்கு மேல் ஒருமுறைகூட ஏற்றாமல் வாருங்கள். ஒவ்வொரு வழுக்கலும் ரப்பரைச் சூடாக்கி மிச்சமிருக்கும் பிடிப்பையும் குறைக்கும். பாரம் அதிகமானால் ஐஸையும் தேங்கிய தண்ணீரையும் முதலில் வெளியேற்றுங்கள்.